பூதத்தின் நியாயம்

பேயும் முனியும் பொய்யென்று எழுதிவரும் ஏட்டில் பூதங்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கலாம். அவர்கள் கலங்கவேண்டுவதில்லை. நாம் ஈண்டுப் பேசப்போகும் பூதங்கள் ஆடு கேட்பவையல்ல, சேவல் கேட்பவையல்ல, வேப்பிலைக்கு அடங்குபவையுமல்ல. அவை அச்சுப் புத்தகத்தில் எண்களோடு பிறந்தவை. இன்ன பூதத்திற்கு இத்தனை உயிர், அது கடித்தால் இவ்வளவு சேதம், இன்னதைக் கண்டால் அஞ்சி ஓடும் என்று முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டவை. எழுதியவாறு அவை நடக்கின்றனவா, நடத்துவார் அவற்றை நடக்கவிடுகின்றனரா என்பதே நமது விசாரணை.

ஆட்டம் இன்னதென்று அறியாதார் பொருட்டு இரண்டொரு வார்த்தை. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் நடத்துநர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என ஆளுக்கொரு வேடம் ஏற்பர். நடத்துநர் காட்சியைச் சொல்வார். வேடமேற்றார் தாம் செய்வது இன்னதென்று சொல்வர். ஐயமான இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். வெற்றி பெறப்பெற வேடமேற்றார் படிப்படியாக உயர்வர். நாடகமும் சதுரங்கமும் கலந்த இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் விற்பனைக்கு வந்தது, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளிப்படுத்திய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். ஆங்கிலம் படித்த பட்டணத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்குவாரும் உளர். நமது தோட்டத்துக் கிராணி வீட்டில் இது சனிக்கிழமை இரவுதோறும் நடைபெறுகின்றது. வருவோர் ஐவரில் மூவர் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். விதிகளை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்கும் வேலை நம்முடையது. நடத்துநர் வேலையும் நம்முடையதே.

இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்குக் காரணம் நாம் செய்த ஒரு தவறு. அதனை மறைத்துவிட்டுப் பிறர் நூல்களைக் குறைகூறுவது யோக்கியதையன்று. ஆதலின் முதற்கண் அதனைச் சொல்லிவிடுகிறோம்.

நாமே கற்பித்த பூதம் ஒன்று, அட்டை இனத்தது, சதுப்புக் காட்டில் ஒரு கிணற்றைக் காத்துக் கிடப்பது. அதற்கு அறுபது உயிர்ப்புள்ளி என்று நோட்டில் எழுதியிருந்தோம். உப்புப் பட்டால் அதன் தோல் சுருங்கும் என்பதும் எழுத்தில் இருந்தது. ஆட்டக்காரர் மூன்று சனிக்கிழமைகள் கதையூரெல்லாம் விசாரித்தனர். ஆடுமேய்க்கும் கிழவி ஒருத்தி சொன்ன குறிப்பையும், கிணற்றங்கரையில் சிந்திக் கிடந்த உப்பையும் சேர்த்துப் பார்த்து மருமத்தைக் கண்டுகொண்டனர். தம் பொற்காசில் பெரும்பங்கைக் கொடுத்து இரண்டு மூட்டை உப்பு வாங்கினர். போர் மூண்டது. மூன்றாம் சுற்றில் பூதத்திற்கு எஞ்சியது நான்கு புள்ளி. ஒரு மாதமாக நாம் வளர்த்த பூதம் கால் மணி நேரத்தில் சாவதா என்ற ஆற்றாமை நம்மைப் பிடித்துக்கொண்டது. வாய்திறவாமல் மனத்திற்குள் அறுபதை நூறாக்கிவிட்டோம்.

ஐவருள் ஒருவர் நமது தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் இளைஞர். நாள்தோறும் தாம் வெட்டிய குலைகளைச் சிறு குறிப்புப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மாலையில் நமது கணக்கோடு ஒத்துப் பார்ப்பவர். அந்தப் பழக்கத்தால் பூதத்தின்மேல் விழுந்த ஒவ்வோர் அடியையும் தாளில் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எண்பதைத் தாண்டியபோது பென்சிலைக் கீழே வைத்தார். “அண்ணே, இது மொதல்லயே எழுதுனதா, இப்பப் போட்டதா?” என்று கேட்டார். “எழுதியதே” என்றோம். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

குலைக் கணக்கில் இத்தகைய திருத்தம் ஒன்றை நாம் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்பது தோட்டத்தார் அறிவர். விளையாட்டில் செய்தால் அதன் பெயர் மாறிவிடுமோ? இவ்வினா நம்மை உறுத்தியதனால், நம்மிடமிருந்த பூத நூல்களையெல்லாம் மீண்டும் எடுத்துப் படித்தோம். நியாயமான பூதம் என்பது எது என்று தேடினோம்.

இத்துறையின் மூலநூல் 1977-இல் வெளிவந்த கைகாக்ஸின் ‘மான்ஸ்டர் மானுவல்’. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பூதங்களைக் கொண்டது. நடை கரடுமுரடு, படங்களுள் சில சிறுபிள்ளை கிறுக்கியவை போன்றவை. ஆயினும் கணக்கெழுதும் தொழிலினராகிய நமக்கு அந்நூலின்மேல் ஒரு தனிப் பற்று உண்டு. ஒவ்வொரு பூதத்திற்கும் ஒரே மாதிரிப் பட்டி: எத்தனையாகத் திரியும், கவசம் எவ்வளவு, நடை எவ்வளவு, உயிர் எத்தனை, புற்றில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, புதையல் எவ்வகை, அறிவு எவ்வளவு. அரசனாகிய டிராகனுக்கும் எலிக்கும் ஒரே பட்டி. கதைகளிலே புகைபோல அலைந்துகொண்டிருந்த அச்சத்தைப் பிடித்துப் பேரேட்டில் பதிந்தது அந்நூல் செய்த பெருந்தொண்டு என்போம்.

அதனுள்ளே நமது மனங்கவர்ந்தது ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ என்னும் துருப் பிராணி. ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் கடையில் கண்டு கைகாக்ஸ் இதனைக் கற்பித்தார் என்பர். பொம்மையிற் பிறந்ததாயினும் இதன் இலக்கணம் பொன்போன்றது. இது இரும்பைத் தின்னும். கொம்புபோன்ற மீசை பட்டால் எஃகுக் கவசமும் துருவாய் உதிரும். அவ்வளவே இதன் சங்கதி. மனித ஊன் இதற்கு உணவன்று. கந்தல் கட்டிய குடியானவன் இதன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். தலைமுதல் கால்வரை கவசம் பூண்ட பிரபுவோ இதைக் கண்டு ஓட்டம்பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு வயிறு உண்டு, அவ்வயிற்றுக்கு ஒரு நியதி உண்டு. ஆதலின், இதனை முன்பின் கண்டிராத ஆட்டக்காரனும் ஒரு முறை பார்த்துவிட்டால், இரும்பாணி நான்கை வீசி எறிந்து இதன் கவனத்தைத் திருப்பலாமே என்று தானே யோசிக்கத் தலைப்படுவான். ஒரு பூதம் ஆட்டக்காரனைச் சிந்திக்கச் செய்யுமாயின் அது நல்ல பூதம் என்பது நமது துணிபு.

‘ஜெலட்டினஸ் கியூப்’ என்னும் பாகுக் கட்டியும் அத்தகையதே. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். சுரங்க வழிகள் பத்தடி அகலமாக வரையப்படுவது வழக்கமாகையால், வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்துவரும் துப்புரவுப் பிராணி. கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் எளிதிற் கண்ணுக்குப் படாது. தொட்டவன் கைகால் மரத்துப்போவான். நகைக்கத்தக்க கற்பனைதான், இயற்கையில் எந்தப் பிராணி கனசதுரமாகப் பிறக்கிறது? எனினும் அது சென்ற வழி குப்பையின்றித் துடைத்தாற்போல் இருக்கும். அதன் வயிற்றிலே செரியாத எலும்பும் நாணயமும் அந்தரத்தில் மிதப்பனபோல் தோன்றும். கண்ணுள்ளவன் அறிந்து விலகலாம். சாவதற்கு முன் ஓர் அறிவிப்பு உண்டு.

அறிவிப்பே இல்லாத பூதமும் அதே நூலில் இருக்கிறது. ஆட்டக்காரர் எச்சரிக்கையுள்ளவராகிக் கதவுக்கு முன் நின்று காதைவைத்துக் கேட்கத் தொடங்கினர். இது நடத்துநர்க்குப் பொறுக்கவில்லை போலும். கதவு மரத்திலே வாழ்ந்து, காது வைப்பவன் செவிக்குள் புகுந்து, அங்கே முட்டையிட்டு ஆளைக் கொல்லும் ‘இயர் சீக்கர்’ என்னும் புழு அவதரித்தது! தரையாகத் தோன்றும் பூதம் ஒன்று, கூரையாகத் தோன்றும் பூதம் ஒன்று, பேழையாகத் தோன்றும் பூதம் ஒன்று, குகைக் கூரையில் தொங்கும் கற்கூராகத் தோன்றி மேலே விழும் பூதம் மற்றொன்று. இவை பிராணிகளா? எச்சரிக்கையாளனுக்கு நடத்துநர் விதித்த அபராதங்கள் என்போம். விளைவு என்ன? ஆட்டக்காரன் பத்தடிக் கழி ஒன்றை ஏந்தி, தரையைத் தட்டி, கூரையைத் தட்டி, பெட்டியைத் தட்டி, அங்குலம் அங்குலமாக நகர்வான். கதை செத்துப்போகும். பேழைப் பூதம் ஒன்றை மட்டும் நாம் மன்னிப்போம். பேழையைச் சுற்றிலும் தூசு படிந்திருக்க, அதன்மேல் மட்டும் தூசு இல்லை என்று நடத்துநர் ஒரு வாக்கியம் சொல்வாராயின் அது நியாயமான பூதமாகிவிடும். அந்தப் புழுவுக்கோ எந்த வாக்கியமும் கதிமோட்சம் தராது.

நியாயம் வேறு, இரக்கம் வேறு என்பதை இவ்விடத்தில் சொல்லவேண்டும். பலர் இவ்விரண்டையும் குழப்புகின்றனர். பழைய விதிகளில் இரத்தக்காட்டேரி அடித்தால் ஆட்டக்காரன் ஏறிய படிகளுள் இரண்டு ஒழிந்துபோம். மாதக்கணக்கில் பாடுபட்டு ஏறிய படிகள்! தப்புவதற்குப் பகடை வீச்சும் கிடையாது. இதைவிடக் கொடிய விதி உண்டோ? ஆயினும் இது அநியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். காட்டேரி என்பது எத்தகையது என்பதை ஊரறியும், கண்டமாத்திரத்தில் ஓடலாம், பூண்டும் கண்ணாடியும் அதனைத் தடுக்கும் என்பது நூலிலேயே உண்டு. கொடுமை எழுத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ‘வைட்’ என்னும் பிணப்பூதம் உறிஞ்சும் உயிர், அடிபட்டவன் சாகாதிருந்தால், ஓரிரவு நன்றாகத் தூங்கி எழுந்ததும் திரும்பிவிடுகிறது. இரக்கம் மிகுந்தது, பூதத்தின்மேல் இருந்த மரியாதை போயிற்று. தூங்கி எழுந்தால் தீரும் காயத்திற்கு எவன் அஞ்சுவான்?

நிற்க. பூதத்தின் வலிமையை ஓர் எண்ணால் நிறுத்துச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்தது. 1975-இல் கென் செயின்ட் ஆண்ட்ரே இயற்றிய ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ ஆட்டத்தில் பூதத்திற்கு ஒரே ஓர் எண் போதும். எளிமையானது, நம் போன்ற நேரமில்லாதார்க்கு ஏற்றது. 2000-இல் வந்த டன்ஜன்ஸ் மூன்றாம் பதிப்போ பெரிய தராசு ஒன்றைக் கட்டியது. ஒவ்வொரு பூதத்திற்கும் ஒரு சவால் எண். நால்வர் கொண்ட கூட்டம் தம் படிக்கு ஒத்த எண்ணுள்ள பூதத்தோடு மோதினால் தம் வளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுவர் என்பது கணக்கு. மனிதனுக்குள்ள பலம், அறிவு, உடல்வலி என்னும் அளவுகளையே பூதத்திற்கும் கொடுத்து, இரு சாராரையும் ஒரே தட்டில் நிறுத்த முயன்றதை நாம் பாராட்டுகிறோம்.

தராசு எதை நிறுக்கும், எதை நிறுக்காது என்பதை அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பதிப்பில் ‘இன்டலெக்ட் டெவவரர்’ என்ற ஒன்று உண்டு. நாலுகால் முளைத்த மூளை என்று சொன்னால் போதும். சவால் எண் இரண்டு. உயிர்ப்புள்ளி இருபத்தொன்றே. அதே நூலின் முன்னுரையோ, நன்கு இளைப்பாறிய நால்வர் தம் படிக்கு ஒத்த எண்ணுள்ள பூதத்தை எவரும் சாகாமல் வெல்லக்கூடும் என்று உறுதி கூறுகிறது. கணக்குப் பார்ப்போம். நமது வீரனுக்கு அறிவு எட்டு என்க. வாள்பிடிப்பவர்க்கு இது வழக்கமான எண்ணே. பூதம் அவன் மூளையைத் தாக்கினால், இருபது முகப் பகடையில் பதின்மூன்றோ அதற்கு மேலோ விழுந்தாலன்றித் தப்ப இயலாது. இருபதில் பன்னிரண்டு முகம் அவனுக்குப் பகை. தவறினால் நடத்துநர் மூன்று ஆறுமுகப் பகடைகளை வீசுவார். கூட்டுத்தொகை எட்டோ மேற்பட்டோ வந்தால் அவன் அறிவு பூச்சியமாகும். 216 வகை வீழ்ச்சிகளில் 181 வகை அவனுக்கு எதிர். பெருக்கிப் பார்த்தால், ஒரே தாக்குதலில் அவன் அறிவிழப்பதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு! சரி, மருந்து உண்டோ எனின், இழந்த அறிவை மீட்கும் பெருமந்திரம் ஒன்று உண்டு. அதனைப் பூசாரி ஒன்பதாம் படியில்தான் கற்கிறான். இரண்டாம் படியில் நோய். ஒன்பதாம் படியில் மருந்து. எண்ணை நம்பி இப்பூதத்தை மேசைக்குக் கொண்டுவரும் புதிய நடத்துநர் பாவம், தாம் ஏமாற்றுகிறோம் என்பதை அறியாமலே ஏமாற்றுகிறார்.

நான்காம் பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். 2008-இல் வந்த அப்பதிப்பு, ஒரே அடியில் விழும் அடியாட்களை வகுத்தது, உயிர்ப்புள்ளி ஒன்றே. கூட்டம் கூட்டமாக வெட்டி வீழ்த்தும் உற்சாகம் உண்டு என்பதை ஒப்புகிறோம். ஆனால் எட்டாம் படியில் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளியோடு முட்டி மோதும் ஓகர் என்னும் அரக்கன், பதினாறாம் படியில் அடியாளாகி ஒரே புள்ளியோடு வருகிறான். அதே தோல், அதே எலும்பு, அதே பெயர். எதிரே நிற்பவன் உயர்ந்துவிட்டான் என்பதற்காக இவன் எலும்பு பொடியாவதா? பூதத்தின் உடம்பு பார்ப்பவனுடைய பதவியைப் பொறுத்தது என்றால் அதற்கு உடம்பே இல்லை என்று பொருள்.

இனி, இத்துறையில் நாம் படித்தவற்றுள் சிறந்த பாடம் ஒரு நூலிலன்று, ‘டிராகன்’ சஞ்சிகையின் 127-ஆம் இதழ்த் தலையங்கத்தில் கிடைத்தது. 1987 நவம்பரில் ரோஜர் மூர் எழுதியது. டக்கர் என்னும் நடத்துநரின் கோபால்டுகளைப் பற்றியது. கோபால்டு என்பது மூலநூலிலேயே மிக இளைத்த பிராணி. உயிர்ப்புள்ளி ஒன்று முதல் நான்கு வரை. புதியவர் பழகுவதற்காக வைத்த பூதம். டக்கரின் கோபால்டுகளோ குறுகிய வழிகளில் கதவடைத்தன, சுவரின் துளைவழியே அம்பெய்தன, நெருப்பு மூட்டிப் புகையில் விரட்டின, நேர்நின்று போரிட மறுத்தன. படி உயர்ந்த வீரர்கள், அடித்தளத்திலுள்ள தீப்பிசாசுகளே மேல் என்று அவற்றை நாடி ஓடினராம்.

இது நியாயமோ? முழு நியாயம் என்போம். டக்கர் ஒரு புள்ளியும் கூட்டவில்லை. நாலு புள்ளிப் பிராணி நாலு புள்ளிப் பிராணியாகவே இருந்தது. அம்பு பட்டால் செத்தது. எளியது, சிறியது, எண்ணிக்கையில் மிக்கது, தன் வளையைத் தானே அறிந்தது. அவ்வளவையும் எழுத்திலிருந்தே எடுத்தார். வலியார்முன் மெலியது உயிர்வாழ எப்படி நடக்குமோ அப்படி நடக்கவிட்டார். ஆட்டக்காரர் தோற்றபோது எண்ணிப் பார்த்து, இன்ன கதவை முதலில் பிடித்திருக்கலாம், இன்ன புகைக்கு ஈரத்துணி கொண்டுபோயிருக்கலாம் என்று பேச இடமிருந்தது. நமது அட்டைப் பூதத்தை எதிர்த்தவர்க்கு அவ்வாறு பேச இடமேது? அவர் செய்யத்தக்கது அனைத்தையும் செய்திருந்தனர்.

வெல்லவே முடியாத பூதம் நியாயமாக இருக்கக்கூடுமா என்று கேட்பார்க்கு ‘கால் ஆஃப் கதூலு’ ஆட்டம் விடை. சாண்டி பீட்டர்சன் 1981-இல் ஆக்கியது. அதன் தலைமைப் பூதம் எதிர்ப்பட்டால் சுற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை வாரிக்கொண்டு போகும். தப்பும் வீச்சு என்ற பேச்சே இல்லை. ஆனால் இவ்வாட்டத்தில் மனிதன் சிறியவன் என்பது முதற்பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. அப்பூதம் எழாமல் தடுப்பதே ஆட்டம். ஒப்பந்தத்தை முன்னரே படித்துக்காட்டிக் கையொப்பம் வாங்கிய பூதம் அது.

ஆட்டம் சுவைப்பதற்காக நடத்துநர் திரைமறைவில் எண்ணைச் சற்றே திருத்துவது தவறன்று என்று வாதிக்கும் நண்பர்கள் உளர்; ஆங்கில நூல்களிலும் இவ்வாதம் உண்டு. வீரன் ஒருவன் அற்பமாகச் சாவதைத் தடுக்க அவ்வாறு செய்வர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் பூதம் நம் விருப்பப்படி சாகும், நம் விருப்பப்படி பிழைக்கும் என்றால், மேசையைச் சுற்றியுள்ளார் எறியும் பகடை எதற்கு? விசாரித்துக் கண்ட மருமம் எதற்கு? இரண்டு மூட்டை உப்புத்தான் எதற்கு? சுவையில்லாத போர் ஒன்று கால் மணியில் முடிவது பெரிய நட்டமன்று. எழுதிய நடத்துநர் அடுத்த முறை நன்றாக எழுதட்டும். அட்டைக்கு அறுபது புள்ளி கொடுத்துவிட்டு, உப்பால் இவ்வளவு எளிதில் வீழும் என்று கணியாதது நமது கணக்குப் பிழை. அப்பிழைக்கு ஆட்டக்காரரை வரிகட்டச் செய்தோம்.

மூன்றாம் வாரம் நாமே அவ்விளைஞரின் வீட்டிற்குச் சென்றோம். லயத்தின் கடைசி வீடு. வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அறுபது என்று எழுதியதையும், நூறாக்கியதையும், எழுதியதே என்று பொய் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப உப்பு வேலை செஞ்சிருக்கு, இல்லண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

செய்தது என்றோம்.

இப்பொழுது பூதத்தின் எண்களையும், அதன் உணவையும், அது அஞ்சும் பொருளையும் ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, பகடைப் பெட்டியின் கீழ் வைத்துவிட்டே ஆட்டத்தைத் தொடங்குகிறோம். பூதம் வீழ்ந்தாலும், ஆட்டக்காரர் வீழ்ந்தாலும், முடிவில் அத்தாள் விரிக்கப்படும். சென்ற சனிக்கிழமை அதனை வாங்கிப் படித்தவர் அவரே. ஒவ்வொரு பகடையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, நாம் இரண்டு புள்ளி குறைத்து எழுதியிருப்பதாகச் சொன்னார். மீண்டும் கூட்டினோம். அவர் கணக்கே சரி.